ஆட்டத்தை நடத்தும் டிஎம் தன் பகடை ரோலை மறைக்கலாமா, எல்லோர் கண் முன்னும் உருட்ட வேண்டுமா?

குறிதவறாதவள்

நேற்றைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் செஷன் முடிந்ததும் எல்லோரும் சட்டென்று கிளம்பிவிட்டோம். வாய்ஸ் சேனலில் யாருக்கும் பேச்சு வரவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

இரும்புக்கதவு ஆடிய கருங்கல் செத்துவிட்டான். மூன்றாம் லெவலில், கயிற்றுப் பாலத்தின் நடுவில், பெயர்கூட இல்லாத ஒரு ஆர்க்கின் கோடரியால். என் வில்லாளி ஐந்து சுற்றும் குறி தவறினாள். அந்த ஆர்க் ஏற்கெனவே அடிபட்டு நின்றது, ஒரே ஒரு அம்பு பட்டிருந்தால் விழுந்திருக்கும். அடுத்து டிஎம் உருட்டினார், 20 விழுந்தது, அதாவது சேதப் பகடை இரட்டிப்பு. கருங்கல்லிடம் மிச்சம் இருந்தது 16 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி). சாதாரண அடி என்றால் அந்தக் கோடரியால் அதிகபட்சம் 15தான் போயிருக்கும். அவன் நின்றிருப்பான்.

இப்போது என் கேள்வி. டிஎம் தன் ரோலை மறைவாக உருட்டியிருந்தால், 20 என்பதை 14 என்று சொல்லியிருக்கலாம். அடி பட்டிருக்கும், ஆனால் சாவு இல்லை. தங்கையைத் தேடிப் போகிற அவன் கதை நடுவில் அறுந்திருக்காது. நம் மேசையில் எல்லா ரோலும் திறந்த சேனலில் விழுகிறது. அது நமக்குத் தேவைதானா?

---

எண்கணக்கு

முதலில் அந்த ஐந்து அம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி முழுக்க அதுதான் மனதில் ஓடியது.

இருபதுமுகப் பகடையில் விழுவதோடு உனக்கு +7. ஆர்க்கின் ஏசி, அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 13. ஆக, 6 அல்லது அதற்கு மேல் விழுந்தால் படும். 1 முதல் 5 வரை விழுந்தால் தவறும், அதாவது நான்கில் ஒன்று. ஐந்தும் தொடர்ந்து தவற 1024இல் ஒரு வாய்ப்பு.

---

குறிதவறாதவள்

பார்த்தீர்களா! 1024இல் ஒன்று! அந்த மென்பொருள் பகடைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் நான் என் சொந்தப் பகடையைக் கேமரா முன்னால் உருட்டுகிறேன்.

---

எண்கணக்கு

இரு, நான் முடிக்கவில்லை. அந்த 1024 என்பது "இந்த ஐந்து அம்பும்" என்று முன்கூட்டியே குறித்து வைத்தால் வருகிற கணக்கு. நாம் அப்படிக் குறித்து வைக்கவில்லை. ஒரு வில்லாளி நூறு அம்பு விட்டால், அதில் எங்காவது ஓர் இடத்தில் ஐந்து தொடர்ந்து தவறுவதற்குக் கிட்டத்தட்ட 7 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நான்கு பேர் ஆளுக்கு நூறு முறை உருட்டினால், யாராவது ஒருவருக்கு அப்படி நேர்வது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. நம் கேம்பெயின் போகிற நீளத்துக்கு இது நடக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். நேற்று அது உன் முறை, அவ்வளவுதான்.

சொந்தப் பகடை பற்றி: கொண்டு வா, எனக்குச் சந்தோஷம். ஆனால் கையில் இருக்கும் பிளாஸ்டிக் பகடை மென்பொருளைவிட நேர்மையானது என்று நினைக்காதே. வார்க்கும்போது உள்ளே சிறு காற்றுக்குமிழி நின்றாலே ஒரு பக்கம் கனம் குறையும். உப்புக் கரைத்த தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார். சுண்டிவிடும்போதெல்லாம் ஒரே முகம் மேலே வந்தால் சந்தேகப்படலாம். எண்ணிப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு முகத்துக்குச் சராசரியாக ஐந்து முறையாவது விழ வேண்டும், அதாவது குறைந்தது நூறு உருட்டல். அதுவும் மோசமான பகடையைத்தான் காட்டிக்கொடுக்கும். லேசான கோணலைப் பிடிக்க அது போதாது.

---

குறிதவறாதவள்

உப்புத் தண்ணீரா? என் ஊதாப் பகடையை மூழ்கடிக்கச் சொல்கிறாயா?

---

எண்கணக்கு

மூழ்கடிக்கச் சொல்லவில்லை, மிதக்கவிடச் சொன்னேன். மூழ்கினால் இன்னும் உப்புப் போடு.

---

மூன்றாம்பிறை

நான் புதியவள் என்பதால் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். ரோலை மறைப்பது விதிப்படி சரியா? அது ஏமாற்று இல்லையா?

அப்புறம் இன்னொன்று. நேற்று என்னிடம் மந்திரம் போட ஸ்லாட் எதுவும் மிச்சமில்லை, எல்லாம் கோபுரத்திலேயே தீர்ந்துவிட்டது. நடுவில் இரண்டு ஆர்க் நின்றதால் கருங்கல் பக்கத்தில் போகவும் முடியவில்லை. அதுவே மனதில் உறுத்துகிறது.

---

ஓலைச்சுவடி

மூன்றாம்பிறை, முதலில் அந்த உறுத்தலை விடுங்கள். கோபுரத்தில் நீங்கள் செலவழித்த ஸ்லாட்டால்தான் என் மந்திரவாதி இன்று உயிரோடு இருக்கிறான். அந்த நேரத்தில் பாலம் வருமென்று யாருக்குத் தெரியும்?

விதிக்கு வருகிறேன். ஏமாற்று என்று சொல்ல முடியாது. 2014 பதிப்பின் டிஎம் கையேடே, திரைக்குப் பின்னால் உருட்டினால் வேண்டும்போது முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறது. ஆக, டிஎம்முக்கு அனுமதி உண்டு. செய்ய வேண்டுமா என்பதுதான் கேள்வி, அதை அந்தந்த மேசைதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தச் சண்டை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பிறப்பதற்கு முன்னாலேயே தொடங்கியது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அதை வெளியிட்டார்கள். இருவரும் போர் விளையாட்டுகளில் இருந்து வந்தவர்கள். அந்தப் போர் விளையாட்டுகளின் வேர் பிரஷ்யாவில் இருக்கிறது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற பயிற்சி விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். வரைபடம், படைத் துண்டுகள், பகடை, நடுவில் எல்லாவற்றையும் அறிந்த ஒரு நடுவர். இன்றைய டிஎம்முக்கு அவர்தான் பாட்டனார். பிறகு விதிகள் பெருகிப் பெருகி ஆட்டம் நகரவே முடியாமல் போனது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, பகடையையும் அட்டவணையையும் ஓரமாக வைத்துவிட்டு, அனுபவமுள்ள நடுவர் தன் தீர்ப்பால் ஆட்டத்தை நடத்தட்டும் என்றார். பகடையா, நடுவரா? குறிதவறாதவள் இன்று கேட்பதும் அதைத்தான்.

---

குறிதவறாதவள்

அப்படியென்றால் ஒரு தளபதியே என் கட்சி!

---

ஓலைச்சுவடி

பாதி உன் கட்சி. அவர் பகடையே வேண்டாம் என்றார். நீ பகடையை உருட்டிவிட்டு அதன் முடிவை மாற்றச் சொல்கிறாய். இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது.

---

மூன்றாம்பிறை

இன்னொரு சின்ன சந்தேகம். நேற்று நான் ஆர்க்கிடம் பேசிச் சமாதானம் செய்ய நினைத்தேன், ஆனால் தைரியம் வரவில்லை. முயன்று 20 விழுந்திருந்தால் அவை ஆயுதத்தைக் கீழே போட்டிருக்குமா?

---

ஓலைச்சுவடி

நேச்சுரல் 20க்கு, அதாவது பகடையிலேயே விழும் 20க்கு, தனிச் சிறப்பு இருப்பது தாக்குதல் ரோலிலும், விழுந்தவன் பிழைக்கிறானா என்று பார்க்கும் சாவுச் சேவிலும்தான். பேச்சுத் திறமை மாதிரியான சோதனைகளில் அது வெறும் 20, அதோடு உங்கள் போனஸ். டிராகனிடம் போய் "உன் புதையலைக் கொடு" என்று கேட்டு 20 விழுந்தாலும் அது கொடுக்காது. சிரித்துவிட்டு உயிரோடு அனுப்பினால் அதுவே பெரிது.

ஆனால் முயன்றிருக்கலாம். அடுத்த முறை கட்டாயம் முயலுங்கள். டிஎம்முக்கு அது பிடிக்கும்.

---

நடுச்சாமம்

டிஎம் வந்துவிட்டேன். எல்லாவற்றையும் படித்தேன்.

மூன்றாம்பிறை, ஆம், மிகவும் பிடித்திருக்கும். அந்த ஆர்க்குகள் பாலத்தைக் காத்து நின்றது ஏன் என்று எழுதி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டிருந்தால் அவையும் பேசியிருக்கும்.

குறிதவறாதவள், நீ கேட்டது நியாயமான கேள்வி. நான் ஏன் எல்லாவற்றையும் திறந்த சேனலில் உருட்டுகிறேன் என்று சொல்கிறேன்.

ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும்போது திரைக்குப் பின்னால் உருட்டினாலும் உங்களுக்கு நிறையத் தெரியும். பகடை உருளும் சத்தம் கேட்கும். என் முகம் மாறுவது தெரியும். நான் நோட்டைப் புரட்டித் தயங்குவது தெரியும். நாம் ஆடுவது இணையத்தில். பாதிப் பேருக்குக் கேமரா இல்லை. அங்கே நான் மறைத்து உருட்டினால், உங்களுக்கு வந்து சேருவது "பட்டது, 19 போயிற்று" என்ற என் குரல் மட்டும்தான். பகடை என்று ஒன்று இருந்ததா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. இணைய மேசையில் மறைத்த ரோல் என்பது ரோலே இல்லாத மாதிரி.

அடுத்தது இன்னும் முக்கியம். ஒரு தடவை நான் ஒருவரைக் காப்பாற்றினேன் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டால், அப்புறம் நீங்கள் பாலத்தைப் பார்க்க மாட்டீர்கள், என்னைப் பார்ப்பீர்கள். "டிஎம் விடமாட்டார்" என்ற நம்பிக்கை வரும். ஒருவன் செத்துவிட்டால், "அவரைக் காப்பாற்றினாரே, என்னை ஏன் விட்டார்?" என்ற கேள்வி வரும். நண்பர்களுக்கு நடுவில் அந்தக் கேள்வி வருவதை நான் விரும்பவில்லை. நேற்று விழுந்த 20க்கு நான் சந்தோஷப்படவில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்று நம்புகிறேன். கருங்கல்லை எனக்கும் ரொம்பப் பிடிக்கும்.

---

குறிதவறாதவள்

எனக்குத் தெரியும் அண்ணா. உங்கள் குரல் அப்போது எப்படி ஆனது என்று கேட்டேனே.

ஆனாலும் விட மனமில்லை. நாம் பகடை உருட்டுவதற்காக மட்டும் கூடவில்லை. அந்தத் தங்கை கதைக்காக இரும்புக்கதவு எவ்வளவு எழுதினார்! கடிதங்கள், அவள் பாடும் பாட்டு, அவள் விட்டுப்போன சீப்பு. இதையெல்லாம் ஓர் எண் அழித்துவிடலாம் என்றால், எழுதுபவருக்கு அடுத்த முறை எழுதத் தோன்றுமா? நாளைக்கு எல்லோரும் "பெயர், வாள், கேடயம்" என்று மூன்று வரியோடு வந்து நிற்பார்கள்.

---

ஓலைச்சுவடி

இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டிஎம் கையில் ரோலை மாற்றுவதைத் தவிர வேறு எவ்வளவோ இருக்கிறது. ஆர்க் கீழே விழுந்தவனை விட்டுவிட்டு நிற்பவன் பக்கம் திரும்பலாம். நேற்று அப்படித்தான் திரும்பியது, கவனித்தீர்களா? விழுந்து கிடந்தவனை அது வெட்டியிருந்தால் ஒரே அடியில் இரண்டு சேவ் தோற்றதாகியிருக்கும். எதிரி பயந்து ஓடலாம், பணயமாகப் பிடிக்கலாம், பாலம் அறுந்து எல்லோரும் ஆற்றில் விழலாம். இரக்கம் காட்ட வேண்டுமென்றால் பகடை கையில் இருக்கும்போதே காட்ட வேண்டும். அது விழுந்த பிறகு காட்டுவதாக இருந்தால் எதற்காக உருட்டினோம்?

---

எண்கணக்கு

அந்த இடத்தில் கருங்கல்லுக்கு நல்ல வாய்ப்பே இருந்தது. யாரும் தொடாமல் விட்டால் சாவுச் சேவில் பிழைப்பது கிட்டத்தட்ட 60 சதவீதம். 10 அல்லது மேலே விழுந்தால் வெற்றி, மூன்று வெற்றி வந்தால் நிலைபெற்றுவிடுவான், 20 விழுந்தால் எழுந்தே நிற்பான். முதலில் 7, ஒரு தோல்வி. அடுத்து 1. அதற்கு இரண்டு தோல்வி என்பது விதி. மொத்தம் மூன்று தோல்வி ஆகிவிட்டது, அதுதான் சாவு.

---

குறிதவறாதவள்

அந்த 1 திரையில் விழுந்தபோது யாரோ மைக்கை மியூட் செய்ய மறந்து "ஐயோ" என்று அலறினார்கள்.

---

மூன்றாம்பிறை

நான்தான்.

---

இரும்புக்கதவு

எல்லோரும் எனக்காகப் பேசுகிறீர்கள், நான் வாய் திறக்காமல் இருப்பது சரியில்லை. நேற்று நான் சட்டென்று போனதற்குக் காரணம் கோபம் இல்லை. காலையில் சீக்கிரம் எழ வேண்டும், அதோடு கொஞ்சம் அழுகையும் வந்தது. ஒரு குள்ள வீரனுக்காக அழுததில் எனக்கு வெட்கமில்லை.

கருங்கல்லைத் திருப்பிக் கேட்க மாட்டேன். டிஎம், தயவுசெய்து எந்தப் பூசாரியையும் அனுப்பி அவனை எழுப்பாதீர்கள்.

அந்த 1ஐ உருட்டியவன் நான். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் வாய்ஸ் சேனல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். எப்போதும் இரண்டு பேர் ஒன்றாகப் பேசுவோம், யார் வீட்டிலோ ஃபேன் சத்தம் கேட்கும், ஓலைச்சுவடி பக்கம் புரட்டுவது கேட்கும். அந்த நேரத்தில் எதுவும் இல்லை. ஐந்து பேரும் ஒரு பகடைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். எப்படியும் நடுச்சாமம் காப்பாற்றிவிடுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் அந்த மூச்சைப் பிடித்திருக்க மாட்டேன். நீங்களும்தான். இந்த ஆட்டத்துக்கு நான் திரும்பத் திரும்ப வருவதே அந்த நொடிக்காகத்தான்.

பாலத்தின் நடுவில் நின்றது கருங்கல் எடுத்த முடிவு. நீங்கள் நால்வரும் பின்வாங்கலாம் என்று சொன்னீர்கள். கூண்டில் இருந்த ஊர்க்காரர்கள் கடந்து போகிற வரை நகர மாட்டேன் என்று அவன்தான் நின்றான். கடைசிக் கிழவி அக்கரையில் கால் வைத்த பிறகுதான் அவன் விழுந்தான். குறிதவறாதவள், அந்த 20ஐ 14 ஆக்கியிருந்தால் அவன் பிழைத்திருப்பான், சரி. ஆனால் அவன் அங்கே நின்றதற்கு ஒரு விலையும் இல்லாமல் போயிருக்கும். நான் எழுதிய கடிதங்களைவிட அந்த ஒரு நிற்றல்தான் அவன் யார் என்று காட்டியது.

ஒரே ஒரு வேண்டுகோள். தங்கை கதையை மூட வேண்டாம்.

---

குறிதவறாதவள்

இப்போது எனக்கு அழுகை வருகிறது. நன்றி.

சரி, நம் மேசைக்குத் திறந்த ரோல். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் நான் மாற மாட்டேன்: முதல்முறை ஆடுபவருக்கு, அதுவும் முதல் செஷனிலேயே, இப்படி ஒரு சாவு வந்தால் அவர் மறுபடி வராமலே போகலாம். என் தங்கை மகளை உட்கார வைத்து நான் டிஎம் ஆகும்போது மறைத்துத்தான் உருட்டுவேன்.

---

நடுச்சாமம்

அதில் எனக்கு மறுப்பே இல்லை. யாரோடு ஆடுகிறோம் என்பதைப் பொறுத்ததுதான். ஆனால் "இங்கே யாரும் சாக மாட்டார்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடலாமே? செஷன் ஜீரோ என்று ஒன்று வைப்பது இதற்கெல்லாம்தான். சாவு உண்டா இல்லையா, எந்த விஷயத்தைத் தொடக் கூடாது, ரோல் எங்கே விழும் என்று முன்பே பேசிக்கொண்டால் மறைக்க வேண்டிய தேவையே பாதி குறையும்.

நம் மேசைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இது. தாக்குதல், சேவ், சேதம் எல்லாம் திறந்த சேனலில். உங்கள் பாத்திரத்துக்குத் தெரிய வழியே இல்லாதவை மட்டும் மறைவாக: பதுங்கியிருப்பவனின் ரோல், நீங்கள் தேடியும் கிடைக்காத பொறி, எதிரில் இருப்பவன் பொய் சொல்கிறானா என்று பார்ப்பது. "5 விழுந்தது, எதுவும் தெரியவில்லை" என்றால் நீங்கள் எல்லோரும் மறுபடி தேடுவீர்கள், அதனால்தான். பெரிய ரோலுக்கு முன்னால், என்ன விழுந்தால் என்ன ஆகும் என்று நான் வாயால் சொல்லிவிடுகிறேன்.

---

ஓலைச்சுவடி

சம்மதம். இதை நம் விதிப் பக்கத்தில் நான் ஏற்றிவிடுகிறேன்.

---

எண்கணக்கு

எனக்கும் சம்மதம். அடுத்த வாரம் யார் யார் வருகிறீர்கள்? எனக்கு வியாழன் முடியாது, சனி முடியும்.

---

மூன்றாம்பிறை

சனி எனக்கும் சரி. இந்த முறை ஸ்லாட்டில் ஒன்றைக் கடைசி வரை தொடாமல் வைத்திருப்பேன்.

---

குறிதவறாதவள்

சனி. ஊதாப் பகடையோடு வருகிறேன். மிதந்தது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு முகம் காட்டியது!

---

நடுச்சாமம்

சனி உறுதி. இரும்புக்கதவு, புதுப் பாத்திரம் யோசித்தீர்களா?

---

இரும்புக்கதவு

யோசித்துவிட்டேன். தங்கை.

அண்ணன் தேடி வருகிறான் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் செத்தது தெரியாது. பாலத்தின் அக்கரையில் அந்த ஊர்க்காரர்களைச் சந்திக்கட்டும். கேடயமெல்லாம் இல்லை, அவள் பாடகி. அவளுடைய ஆறு திறன் எண்களை, நாலு ஆறுமுகப் பகடை உருட்டிச் சின்னதை விடுகிற முறையில் இப்போதே சேனலில் உருட்டினேன்: 15, 14, 13, 12, 10, 8.

---

எண்கணக்கு

பொறு. அது அப்படியே விதிநூலில் இருக்கும் ஸ்டாண்டர்ட் அரே, உருட்ட வேண்டாதவர்களுக்குத் தரும் எண் வரிசை. ஆறு எண்ணும்.

---

இரும்புக்கதவு

எனக்கும் கண்ணை நம்ப முடியவில்லை. சேனலில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

---

நடுச்சாமம்

பார்த்தேன். உருட்டியதேதான். 15ஐ கரிஸ்மாவில் (ஆளை ஈர்க்கும் திறனில்) போடுங்கள், மீதியைச் சனிக்கிழமைக்குள் ஷீட்டில் நிரப்பி அனுப்புங்கள். அவள் பாட்டின் வரிகளும் வேண்டும், அந்த ஊர்க் கிழவிக்கு அது தெரிந்திருக்கிறது.